கண்ணுக்குத் தெரியாத அடையாளம் சாட்சி ஆகுமா?

பி.இ. முடித்து வேலையில் சேர்ந்த புதிதில், ரகசிய டாக்குமென்டுகளை வெளியே கசிய விடுபவரைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரே மாலையில் முடித்துவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

விஷயம் எளிது. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒரு ஸ்பேஸ் இருந்தால் 0, இரண்டு இருந்தால் 1. இப்படிப் பத்து இடங்கள் கிடைத்தால் போதும், 1024 பேருக்கு 1024 விதமான பிரதிகள் தயார். படிப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். டெஸ்லாவில் தகவலைக் கசியவிட்டவரை இதே முறையில் பிடித்ததாக எலான் மஸ்க் 2022-ல் சொன்னார்.

எங்கள் அலுவலகத்திலும் சம்பள உயர்வு பற்றிய டாக்குமென்ட் ஒன்றின் ஸ்கேன் காப்பி வெளியே சுற்றியது. ஸ்பேஸ்களை எண்ணினோம். பக்கத்து சீட் நண்பரின் பிரதி! மூன்று நாட்கள் விசாரணை. கடைசியில் பார்த்தால், அவர் பிரின்ட் கொடுத்துவிட்டு எடுக்க மறந்த தாளை வேறு ஒருவர் எடுத்துப் போயிருக்கிறார்.

அடையாளம் பொய் சொல்லவில்லை. அது யாருடைய பிரதி என்று மட்டுமே சொன்னது. யார் கொடுத்தார் என்பதை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம். வீட்டில் ஒரே கம்ப்யூட்டரை நான்கு பேர் பயன்படுத்துகிறீர்களா? உங்களுக்கும் இது நடக்கலாம். அலுவலக ஃபைல்களை வீட்டில் திறப்பவர் தனக்கென்று தனி யூசர் அக்கவுன்ட், பாஸ்வேர்டு வைத்துக்கொள்வது நல்லது.

அகலமே இல்லாத யூனிகோட் எழுத்துகளை ஒளித்து வைக்கும் முறையும் உண்டு. திரையில் தெரியாது, காப்பி, பேஸ்ட் செய்தால் கூடவே வரும். ஆங்கில டெக்ஸ்டை நோட்பேடில் பேஸ்ட் செய்து, அம்புக்குறி கீயை ஒவ்வொரு முறையாக அழுத்திப் பாருங்கள். கீயை அழுத்தியும் கர்சர் நகரவில்லை என்றால் அங்கே ஏதோ இருக்கலாம். அதற்காக உடனே சந்தேகப்பட வேண்டாம். தமிழில் 'ரிக்‌ஷா' என்று டைப் செய்யும்போது க்-கும் ஷா-வும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நாமே இப்படி ஒன்றைப் போடுகிறோம். வேர்டில் இரட்டை ஸ்பேஸ்களைப் பார்க்க கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஸ்பேஸ்கள் புள்ளிகளாகத் தெரியும்.

நிறுவனங்கள் அடையாளம் வைப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். வைத்திருப்பதை முன்கூட்டியே ஊழியர்களிடம் சொல்ல வேண்டும். அதை மட்டும் வைத்து யார்மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது.

நண்பரிடம் அலுவலகத்தில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கேட்டேன், ஒரு வாரம் கழித்து. பிரின்டருக்கு மேலே மட்டும் 'தாள்களை உடனே எடுத்துச் செல்லவும்' என்று ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள்.