ஊர் சுற்றிக் காட்டியது போதும்

லண்டனில் குடியேறிய முதல் ஒன்பது மாதங்களில் எங்கள் வீட்டிற்கு ஆறு முறை விருந்தினர் வந்தனர். ஆறு முறையும் டவர் ஆஃப் லண்டனுக்குப் போனோம். கோஹினூர் பதித்த மகுடத்தின் முன் நகரும் நடைமேடை எங்களைச் சுமந்து செல்ல, ஆறு முறையும் தவறாமல் பெருமூச்சு விட்டோம். அதே ஒன்பது மாதங்களில், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த ஈஸ்ட் ஹாம் நூலகத்தினுள் நாங்கள் ஒரு முறையும் நுழையவில்லை. அடுத்த வீட்டு மூதாட்டியின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இந்தக் கணக்கு ஒரு நாள் திடீரென்று உறைத்தபோது எழுந்த கோபமே இக்கட்டுரை. கோபத்தில் ஒரு பாதி விருந்தினர் மீது. மறு பாதி எங்கள் மீது.

அயல்நாட்டு நகரொன்றில் குடியேறுவது பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதோடு முடிவதில்லை. வங்கிக் கணக்குத் தொடங்க முகவரிச் சான்று கேட்பார்கள். முகவரி வேண்டி வீடு பார்க்கப் போனால் வங்கிக் கணக்கின் அறிக்கையைக் கேட்பார்கள். இந்த வட்டத்தை எங்கேயாவது உடைத்து உள்ளே புகவேண்டும். எங்களுக்கு அதை உடைத்துத் தந்தது கவுன்சில் வரிச் சீட்டு. வரி கட்டச் சொல்லி வந்த கடிதத்தைக் கண்டு மகிழ்ந்த மனிதர்கள் நாங்கள்! அதன்பின் தேசியக் காப்பீட்டு எண், மருத்துவரின் பட்டியலில் பெயர், மின்மீட்டர் சாவிக்கு எந்தக் கடையில் பணம் ஏற்றுவது என்ற ஞானம், குளிர்காலத்தில் துணியை வீட்டுக்குள் உலர்த்தினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்ற ஞானம். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு விடுமுறை நாள் வேண்டும். எங்கள் விடுமுறை நாள்களோ விருந்தினர் கையில் இருந்தன.

அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, பட்டியலோடு வருகிறார்கள். அது விமானம் ஏறுமுன்பே முடிவாகிவிட்ட பட்டியல். நகரம் அதைச் சரிபார்க்கும் இடம் மட்டுமே. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ரொசெட்டா கல்லின் முன் முண்டியடித்துப் படமெடுத்துக்கொண்ட நண்பர்களை, அதே கட்டடத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்களுக்கு அழைத்தோம். 1859 இல் மதராஸிலிருந்து கப்பலேற்றப்பட்டவை அவை. அவற்றின் உடன்பிறப்புகள் இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. "நேரமில்லையப்பா, நாலு மணிக்கு லண்டன் ஐ" என்று பதில் வந்தது. சென்னையில் பிறந்து வளர்ந்தவரின் பதில் அது.

இலக்கிய நண்பர்கள் இதைப் படித்துச் சிரிக்கவேண்டாம். உங்கள் பட்டியலும் பட்டியல்தான். ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் நுழைவுக் கட்டணம் செலுத்தி மார்க்ஸின் சமாதிமுன் முஷ்டி உயர்த்திப் படமெடுத்துக்கொள்வது, ஹாம்ஸ்டெட்டில் கீட்ஸ் வாழ்ந்த வீடு, 1997 இல் திறந்த குளோப் அரங்கத்தின் வாசல் என்று இடங்கள் மாறுகின்றனவே தவிர, பார்வை மாறவில்லை. ஊர் திரும்பியதும் நீங்கள் பயணக் கட்டுரையும் எழுதுகிறீர்கள். அதில் தேம்ஸ் நதி வருகிறது, மூடுபனி வருகிறது, தத்துவ விசாரமும் வருகிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து இட்லி அவித்து, பயண அட்டையில் பணம் ஏற்றிக் கொடுத்து, தங்கள் படுக்கையை உங்களுக்கு விட்டுத் தரையில் படுத்தவர்கள் "நண்பர் வீட்டில் தங்கினேன்" என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிப்போகிறார்கள்.

இனி எங்கள் குற்றத்துக்கு வருவோம். அது இதைவிடப் பெரியது.

எங்களில் ஒருவருக்கு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. முதியவர்களைக் குளிப்பாட்டுவதும், ஆடை மாற்றுவதும், ஊட்டிவிடுவதும், இரவில் விழித்திருந்து திருப்பிப் படுக்கவைப்பதும் அந்த வேலை. அதில் இழிவு ஏதுமில்லை. இழிவு இருந்தது எங்கள் நாவில். வந்தவர்களிடம் "மருத்துவத் துறையில் இருக்கிறோம்" என்றோம். 2024 ஏப்ரலில் இந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. ஒருவருக்கான டவர் அனுமதிச் சீட்டு ஏறத்தாழ மூன்று மணி நேரக் கூலி. விருந்தினருக்கும் சேர்த்துச் சீட்டு எடுத்தோம், அலட்சியமாக அட்டையைத் தட்டி. பூஞ்சை பிடித்த சுவரின் முன் புத்தக அலமாரியை நகர்த்தி வைத்தோம். இரவுப் பணி முடிந்து வந்தவர் உறங்காமலேயே, சிரித்த முகத்தோடு, அரண்மனை வாயிலில் காவலர் மாறுவதைக் காட்டக் கிளம்பினார். இதற்கு விருந்தோம்பல் என்று பெயர் சூட்டிக்கொண்டோம். உண்மையில் நாங்கள் போட்டது வேடம்.

வேடத்துக்கு விலை உண்டு. அதை நாங்கள் கொடுக்கவில்லை, வேறொருவர் கொடுத்தார். 2024 இல் வந்துபோன நண்பர் ஒருவர் எங்கள் புகைப்படங்களையும் பெருமைப் பேச்சையும் ஊருக்குக் கொண்டுபோனார். அவற்றை நம்பி அவருடைய தம்பி, வட்டிக்குக் கடன் வாங்கி, ஓர் இடைத்தரகரிடம் பல லட்சம் கொடுத்துப் பராமரிப்புப் பணியாளர் விசாவில் வந்து சேர்ந்தார். பராமரிப்புப் பணியாளர் குடும்பத்தை உடனழைத்து வர முடியாதென்ற விதி 2024 மார்ச்சிலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. தரகர் அதைச் சொல்லவில்லை. 2025 தொடக்கத்தில் அவரை வரவழைத்த நிறுவனத்தின் உரிமம் பறிபோயிற்று. அறுபது நாள்களுக்குள் வேறு நிறுவனத்தைத் தேடிக்கொள், இல்லையேல் வெளியேறு என்று அவருக்குக் கடிதம் வந்தது. கிடைக்கவில்லை, கடனோடு திரும்பினார். அந்த ஆண்டு ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளரை எடுக்கும் வழியையே அரசு மூடிவிட்டது.

விமான நிலையத்தில் அந்தத் தம்பி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, அண்ணன் வந்திருந்தப்பவே இதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" எங்களிடம் பதில் இல்லை. தரகர் ஒரு காசும் செலவழிக்காமல் பெற்ற விளம்பரப் பலகை நாங்கள்தாம்.

"விருந்தோம்பலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த இனத்தில் பிறந்துவிட்டு, வந்தவரைக் கணக்குப் பார்ப்பதா?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் துணைக்கு அழைப்பது இளையான்குடி மாறனாரை. அழைக்கட்டும்; அவர் எங்கள் பக்கத்துச் சாட்சி. நள்ளிரவில், கொட்டும் மழையில், பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரி வந்தார் அவர். விறகில்லையென்று தம் வீட்டுக் கூரையின் கட்டையை அறுத்தார். குழியில் முளைத்திருந்த கீரையைப் பறித்தார். அவர் படைத்த ஒவ்வொரு கவளமும் அவருடைய வாழ்க்கையிலிருந்தே வந்தது. இல்லாத செல்வத்தை இருப்பதாகக் காட்ட அவர் ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் பரிமாறியதோ மன்னர்களின் மகுடத்தையும் ஆற்றங்கரை ராட்டினத்தையும். எங்களுடையது என்று எதை வைத்தோம்?

மாற்றம் தற்செயலாகத்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பராமரிப்புப் பணிக்காக டிஸ்ட்ரிக்ட் ரயில் தடத்தை மூடிவிட்டார்கள். விருந்தாக வந்திருந்த கல்லூரித் தோழி, "சரி, நீங்க ஞாயித்துக்கிழமைல என்னதான் செய்வீங்க? அதையே செய்வோம்" என்றார். காசு போட்டுத் துவைக்கும் சலவைக் கடைக்குத் துணிமூட்டையோடு நடந்தோம். 1903 இல் திறந்த செங்கல் நகர மண்டபத்தின் மணிக்கூண்டை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தோம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரின் கடையில் முருங்கைக்காய் வாங்கும்போது, தாம் வந்திறங்கிய முதல் குளிர்காலத்தை அவர் தோழியிடம் அரைமணி நேரம் சொன்னார். அத்தனை மாதங்கள் அவரிடம் மீதிச் சில்லறை மட்டுமே வாங்கியிருந்தோம் நாங்கள். மாலையில் தோழி தாமே அலமாரியை நகர்த்தி, பூஞ்சையைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் துணியெடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அன்றிரவு வேலையைப் பற்றிய உண்மையை அவரிடம் சொன்னோம். அவர் அழவுமில்லை, ஆறுதல் கூறவுமில்லை. "கால் வலிக்குமே" என்று மட்டும் கேட்டார். இந்நகரில் எங்கள் வீடு வீடானது அந்த இரவில்தான்.

ஆகவே நண்பர்களே, வாருங்கள். கதவு திறந்தே இருக்கிறது. விசாவுக்கான அழைப்புக் கடிதமும் எழுதித் தருகிறோம். முதல் இரண்டு நாள்கள் எங்களோடு இருங்கள், நாங்கள் வாழ்கிறபடியே. என்ன வேலை, என்ன கூலி, எவ்வளவு வாடகை என்று கூச்சமின்றிக் கேளுங்கள்; மறைக்காமல் சொல்கிறோம். ஊர் திரும்பியதும் அதையும் சொல்லுங்கள். மூன்றாம் நாள் உங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு நீங்களே கிளம்புங்கள். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் தடத்தில் ஏறினால், வண்டி மாறாமல் டவர் ஹில்லில் இறங்கலாம். மகுடத்தை நாங்கள் ஆறு முறை பார்த்தாயிற்று. நீங்கள் திரும்பி வரும்வரை நூலகத்தில் இருப்போம்.