ஒரே ஒரு வார்த்தைதானே மாற்றினார்?

லூ டி யோங் பற்றிப் பேச்சு வந்தாலே, "ஆஹா, என்ன உழைப்பு சார்! 29 புத்தகம்!" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். உழைப்பை யார் இல்லையென்றார்கள்? அந்த 29ல் அவர் மாற்றிய ஒரே ஒரு வார்த்தையைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. டி யோங் ஆம்ஸ்டர்டாமில் 1914ல் பிறந்த யூதர். 1940 மே மாதம் ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தபோது தப்பித்து லண்டன் போய், ரேடியோ ஒரான்யேயில் வேலை பார்த்தார். அப்பா, அம்மா, தங்கை, கூடப் பிறந்த இரட்டைச் சகோதரர் எல்லோரையும் நாஜிகளுக்குப் பலி கொடுத்தவர். 1945ல் அரசு அமைத்த போர் ஆவண நிறுவனத்துக்கு இயக்குநராகி, 1979 வரை அந்த நாற்காலியில் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்தின் கதையை எழுதும் பொறுப்பை அரசாங்கமே அவரிடம் கொடுத்தது. முதல் பாகம் 1969ல் வந்தது.

ஆள் பயந்தாங்கொள்ளி இல்லை. 1978ல், ஆளுங்கட்சியின் நாடாளுமன்றத் தலைவர் வில்லம் ஆன்ட்யெஸ் போர்க்காலத்தில் எஸ்.எஸ்.ஸில் சேர்ந்திருந்தார் என்று பத்திரிகையாளர்களைக் கூட்டிப் போட்டு உடைத்தார். ஆன்ட்யெஸ் பதவியை விட்டே போனார். சில விவரங்களில் டி யோங் அவசரப்பட்டுவிட்டார் என்று பிறகு விமர்சனம் வந்தது வேறு விஷயம்.

இந்த மனிதர்தான் 12ஆம் பாகத்தில் இந்தோனேசியாவுக்கு வந்தார். 1945 ஆகஸ்ட் 17ல் சுதந்திரம் அறிவித்த நாட்டை மறுபடி பிடிக்க, நெதர்லாந்து 1949 வரை சண்டை போட்டது. ஊர்களை எரித்தது, கைதிகளைச் சுட்டது எல்லாம் நடந்தது. 1987ல் அவர் எழுதிய வரைவில் அந்தப் பகுதிக்குத் தலைப்பு "போர்க்குற்றங்கள்". வரைவைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டிய ஒரு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி அதை வெளியே கசியவிட்டார். முன்னாள் படைவீரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1988ல் புத்தகம் வந்தபோது தலைப்பு "அத்துமீறல்கள்" ஆகியிருந்தது!

இதற்கு அவருடைய ரசிகர்கள் ஒரு சப்பைக்கட்டு வைத்திருக்கிறார்கள். "தலைப்புதானே மாறியது, உள்ளே சம்பவமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது." இருபது வருஷத்துக்கும் மேலாக வங்கியில் குப்பை கொட்டுகிற என்னிடம் இதைச் சொல்லாதீர்கள் ஐயா. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வரைவில் "மோசடி" என்று இருக்கும். மேலே போய்த் திரும்பி வரும்போது "நடைமுறைக் குறைபாடு" ஆகியிருக்கும். உள்ளே வவுச்சர் நம்பர், தேதி, தொகை எல்லாம் பத்திரமாக இருக்கும். யார் படிக்கிறார்கள்? மோசடி என்றால் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும், பொறுப்பு யாருடையது என்று பார்க்க வேண்டும். குறைபாடு என்றால் ஒரு விளக்கக் கடிதத்தோடு ஃபைல் மூடிவிடும். வார்த்தைதான் சார் காசு.

நெதர்லாந்திலும் அதே கணக்குதான். "அத்துமீறல்" என்பது டி யோங் கண்டுபிடித்த வார்த்தையும் இல்லை. 1969 ஜனவரியில் யோப் ஹ்யூட்டிங் என்கிற முன்னாள் படைவீரர் டிவியில் வந்து, நாங்கள் போர்க்குற்றம் செய்தோம் என்று சொன்னார். மிரட்டலுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று அவருக்கு. அரசு அவசரமாக ஆவணங்களைப் புரட்டி ஓர் அறிக்கை கொடுத்தது. அப்போது பிரதமர் பீட் டி யோங் (இவர் வேறு, அவர் வேறு). அத்துமீறல்கள் நடந்தன, வருந்துகிறோம், மொத்தத்தில் படை ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது என்றார். 1971ல் போர்க்குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது என்று சட்டம் வந்தபோது, இந்தோனேசிய விவகாரம் அதற்குள் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஆக, 1988ல் டி யோங் எடுத்து வைத்தது அரசாங்கத்தின் வார்த்தை. நாடே மதித்த மனிதர், வயது எழுபத்து நான்கு, பென்ஷன் வாங்குகிறவர். அவரை யார் என்ன செய்திருக்க முடியும்? சொந்தக் குடும்பத்தை அழித்தவர்களின் குற்றத்தைப் பெயர் சொல்லி எழுதியவர், தன் நாட்டுச் சிப்பாய் என்றதும் பேனாவைத் தளர்த்தியதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அரசு சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன செய்வான் என்பார்கள். ரெமி லிம்பாக்கும் சம்பளக்காரர்தான், அதுவும் பாதுகாப்பு அமைச்சகத்தின் ராணுவ வரலாற்று நிறுவனத்தில். அந்த வன்முறை அங்கொன்று இங்கொன்று அல்ல, அமைப்பிலேயே ஊறியிருந்தது என்று 2016ல் தடித்த புத்தகமே போட்டார். அதற்கப்புறம்தான் அரசு பெரிய ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது. 2022 பிப்ரவரியில் முடிவுகள் வந்தன, பிரதமர் மார்க் ருட்டே மன்னிப்புக் கேட்டார். அந்த ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த வார்த்தை என்ன தெரியுமோ? "தீவிர வன்முறை". போர்க்குற்றம் என்பது சட்டச் சொல்லாம், அதனால் தள்ளி வைத்தார்களாம்.

நம் ஊர் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். 1962 தோல்வி பற்றி ஹெண்டர்சன் புரூக்ஸ் 1963ல் கொடுத்த அறிக்கையை அரசு முழுசாக வெளியிடவேயில்லை. 2014ல் நெவில் மாக்ஸ்வெல் ஒரு பகுதியை வெளியே விட்டதால் அதுவாவது தெரிந்தது. இங்கே வார்த்தையை மாற்றுகிற சிரமம்கூட இல்லை.

ரவகெடே என்று ஜாவாவில் ஒரு கிராமம். 1947 டிசம்பர் 9ல் டச்சுப் படை ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டது. 431 பேர் என்பது கிராமத்தார் கணக்கு. விதவைகள் வழக்குப் போட்டபோது, காலம் கடந்துவிட்டது என்றுதான் அரசுத் தரப்பு வாதாடியது. 2011 செப்டம்பரில் ஹேக் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தூக்கி எறிந்தது. தலைக்கு 20,000 யூரோ கொடுத்தார்கள். வழக்குப் போட்டவர்களில், அன்று உயிர் பிழைத்த ஆண்களில் கடைசியாக இருந்த பெரியவர், அந்த வருஷம் மே மாதமே இறந்துபோயிருந்தார்.