யாரை ஆதரிப்பது?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவர் ஒருவர்)

நிதித் துறைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் கணக்கு அறிந்தவரா என்று கேட்கிறோம். படைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் களம் கண்டவரா என்று கேட்கிறோம். ஆனால், மக்களின் உடல்நலத்தைக் காக்கும் பொறுப்புக்கு ஒருவரை முன்மொழிந்தால் மட்டும், "அவர் நம் அணியா, எதிரணியா?" என்ற கேள்வியே முந்திக்கொண்டு வருகிறது. இந்தக் கேள்வி எவ்வளவு பயனற்றது என்பதற்கு அமெரிக்க நாட்டில் 1981ஆம் ஆண்டு நடந்த ஒரு நியமனமே சான்று. அதை நம் கல்லூரி நண்பர்களின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில் 'சர்ஜன் ஜெனரல்' என்றொரு பதவி உண்டு. நாட்டு மக்கள் அனைவருக்கும் உடல்நலம் பற்றி அறிவுரை கூறும் தலைமை மருத்துவர் அவர். அவருக்கு அதிகாரம் குறைவு. ஆனால் அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். குடியரசுத் தலைவர் ஒருவரை முன்மொழிவார். செனட் சபை விசாரித்து வாக்களித்து ஏற்க வேண்டும். 1981இல் குடியரசுத் தலைவர் ரீகன் முன்மொழிந்தவர் டாக்டர் எவரெட் கூப்.

யார் இந்தக் கூப்? பிலடெல்பியா நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைமை அறுவை மருத்துவராக இருந்தவர். பிழைக்காது என்று பிறர் கைவிட்ட பச்சிளம் சிசுக்களை மேசையில் கிடத்திக் காப்பாற்றியவர். ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பிரித்தெடுத்தவர். அதே நேரத்தில், ஆழ்ந்த சமயப் பற்றுடையவர். கருக்கலைப்பை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியும் எழுதியும் வந்தவர். இந்தக் கடைசிச் செய்திதான் புயலைக் கிளப்பியது.

பழமைவாதிகள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். முற்போக்காளர்கள் கொதித்தார்கள். அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் அவரை எதிர்த்தது. 'நியூயார்க் டைம்ஸ்' ஏடு, 'தகுதியற்ற டாக்டர்' என்ற பொருள்படத் தலையங்கமே தீட்டியது. போதாக்குறைக்கு வயது வரம்பு வேறு குறுக்கே நின்றது. அதைத் தளர்த்தச் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் இழுபறி நீடித்தது. தம் கொள்கையைப் பரப்பும் மேடையாகப் பதவியைப் பயன்படுத்த மாட்டேன் என்று கூப் உறுதி கூறினார். நம்பியவர் சிலரே. இறுதியில் 1981 நவம்பரில் 68 வாக்குகள் ஆதரவாகவும் 24 வாக்குகள் எதிராகவும் விழ, அவர் பதவியேற்றார்.

எதிர்த்தவர்களின் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அறுவை மருத்துவம் வேறு, பொதுச் சுகாதாரம் வேறு. முன்னது ஒரு நோயாளியைப் பார்ப்பது. பின்னது கோடிக்கணக்கான மக்களைப் பார்ப்பது. அந்தத் துறையில் கூப்புக்குப் பயிற்சி இல்லை என்பது உண்மையே. அவ்வாறிருந்தும், அன்று நான் அந்தச் சபையில் அமர்ந்திருந்தால் அவரை ஆதரித்தே வாக்களித்திருப்பேன் என்கிறேன். பின்னால் நடந்தவற்றைப் பார்ப்போம்.

முதலில் புகையிலை. அந்நாட்டின் பெரும் பணமுதலைகளான சிகரெட் நிறுவனங்களை அவர் நேருக்கு நேர் சந்தித்தார். புகைப்பதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை 1982ஆம் ஆண்டு அறிக்கை விரிவாக எடுத்துரைத்தது. புகைப்பவர் விடும் புகை பக்கத்தில் இருப்பவரையும் கெடுக்கும் என்று 1986ஆம் ஆண்டு அறிக்கை நிறுவியது. நிக்கோடின் ஓர் அடிமைப்படுத்தும் பொருள் என்று 1988ஆம் ஆண்டு அறிக்கை அறிவித்தது. புகையிலை விளையும் மாநிலங்களின் அரசியல்வாதிகள் முகம் சுளித்தார்கள், அவர் பின்வாங்கவில்லை.

அடுத்தது எய்ட்ஸ். 1981 ஜூன் மாதத்தில் அந்நோய் பற்றிய முதல் அறிவிப்பு அமெரிக்காவில் வெளியாயிற்று. ஒருபால் உறவினரிடம் முதலில் காணப்பட்டதால், "அது பாவத்தின் சம்பளம்" என்று பேசியவர்கள் ஏராளம். அவ்வாறு பேசியவர்களில் பலர் கூப்பைத் தூக்கிப் பிடித்த கூட்டத்தினரே! அரசு அவரைத் தொடக்கத்தில் அந்தப் பக்கமே விடவில்லை. 1986இல்தான் அறிக்கை எழுதும் பணி அவரிடம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான அறிக்கையில் அவர் என்ன எழுதினார்? பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி வேண்டும் என்றார். ஆணுறை பாதுகாப்புத் தரும் என்றார். கட்டாய இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்றார். ஒரு வேலையிடத்திலோ பள்ளியிலோ சேர்ந்து இருப்பதால் இந்நோய் தொற்றாது என்றார். கொண்டாடியவர்கள் திகைத்தார்கள், தூற்றியவர்கள் வியந்தார்கள். 1981இல் அவரைக் கடுமையாக எதிர்த்த காங்கிரஸ் உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன், பின்னாளில் அவரைப் பாராட்டும் நிலைக்கு வந்தார்.

1988இல் எட்டுப் பக்கச் சிறு வெளியீடு ஒன்று அஞ்சலில் வீடு தேடிப் போயிற்று. ஏறத்தாழ 10 கோடியே 70 இலட்சம் வீடுகளுக்கு! நோய் எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது என்பதை எளிய மொழியில் அது சொல்லிற்று.

இந்த இடத்தில் என் வீட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மருந்துச் சீட்டானாலும், சுகாதார ஊழியர் தந்துபோன துண்டுத்தாளானாலும், அம்மா அதை அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பார். நான் போனதும் "என்னப்பா போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு" என்பார். சில தாள்களைப் படித்துவிட்டு, அதில் உள்ள தமிழை மறுபடியும் தமிழாக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது! எளியவருக்கு விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று. ஒரு துறைத் தலைவரின் தகுதியில் பாதி, அவர் சொல்வது கடைசி வீட்டுக்கும் விளங்குகிறதா என்பதில்தான் இருக்கிறது. அந்தத் தேர்வில் கூப் தேறினார்.

எல்லாவற்றையும்விட என்னை ஈர்த்தது மூன்றாவது நிகழ்ச்சி. கருக்கலைப்பினால் பெண்களுக்கு நேரும் உடல், மனக் கேடுகள் பற்றி அறிக்கை தருமாறு ரீகன் 1987இல் கேட்டார். கேட்டவரும் கருக்கலைப்புக்கு எதிரி; எழுத வேண்டியவரும் எதிரி. விடை என்னவாக இருக்கும் என்று எல்லாரும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் கூப் ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 1989 ஜனவரியில் கடிதம் எழுதினார்: இருக்கும் ஆய்வுகளைக் கொண்டு இப்படியும் சொல்ல முடியாது, அப்படியும் சொல்ல முடியாது என்று. அவர் தம் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால், தம் நம்பிக்கைக்குச் சாதகமாகச் சான்றை வளைக்கவும் இல்லை. நம் ஆய்வுக்கூடத்தில், வர வேண்டிய விடையை முதலில் எழுதிவிட்டு அளவீடுகளைப் பின்னால் நிரப்பும் நண்பர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டுகிறேன்!

நம் நாட்டிலும் அதே காலத்தில் இத்தகைய சோதனை வந்தது. எய்ட்ஸ் மேலைநாட்டு நோய், நம் பண்பாட்டுக்குள் அது நுழையாது என்று நம்பியவர் பலர். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. நம் விருப்பம் ஒன்றாக இருந்தது. சோதனைக்குழாய் சொன்னது வேறாக இருந்தது. சோதனைக்குழாயை நம்பியதால்தான் தடுப்புப் பணிகள் தொடங்கின.

"அப்படியானால் பயிற்சியே இல்லாத எவரையும் நாற்காலியில் அமர்த்தலாமா? பின்னால் நல்லவராக மாறிவிடுவார் என்று காத்திருக்கலாமா?" என்று கேட்கலாம். கூடாது. கூப் பதவிக்கு வந்தபின் மாறியவர் அல்லர். முப்பது ஆண்டுகள் கண்ணால் கண்டதையே நம்பிக் கத்தியைப் பிடித்தவர். தம் ஆசைக்கேற்ப நோயைக் கணிக்கும் அறுவை மருத்துவர் நெடுங்காலம் நிலைக்க முடியாது. அந்தப் பழக்கம் 1981இலேயே அவரிடம் இருந்தது, தேடியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒழுக்கம் பற்றி ஒருவர் கொண்டுள்ள கருத்து வேறு. நிறுவப்பட்ட சான்றை மறுக்கும் போக்கு வேறு. முன்னதோடு நாம் வாதாடலாம். பின்னதை உடையவரை, அவர் நம் அணியிலேயே இருந்தாலும், ஆதரிக்கக் கூடாது.

கூப்பும் குறையற்ற மனிதர் அல்லர். பதவி விட்டபின் அவர் பெயரில் நடந்த இணைய நிறுவனம், விளம்பரத்தையும் அறிவுரையையும் கலந்ததாக 1999இல் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. குணத்தையும் குறையையும் எடைபோட்டு, மிகுந்தது எதுவோ அதைக் கொண்டு ஆளைத் தேர்ந்தெடு என்பதே வள்ளுவர் காட்டும் வழி. அந்தத் தராசில் கூப்பின் குணத்தட்டே தாழ்கிறது. 2013ஆம் ஆண்டு தம் 96ஆம் வயதில் அவர் மறைந்தபோது, ஒரு காலத்தில் அவரை எதிர்த்தவர்களும் வருந்தினார்கள்.

நாளை நம்மில் பலர் ஆசிரியராவோம். சிலர் அலுவலகங்களில் அமர்வோம். எல்லாரும் வாக்காளர் ஆவோம். ஒரு பெயர் முன்மொழியப்படும்போது, "இவர் நம்மவரா?" என்று கேட்பதை விடுத்து, "தம்மவர்களுக்குப் பிடிக்காத உண்மையை இவர் சொல்வாரா? நோயாளியிடம் பாவ புண்ணியக் கணக்குப் பார்க்காமல் இருப்பாரா? இவர் சொல்வது ஏழை வீட்டுத் திண்ணைக்கும் விளங்குமா?" என்று கேட்போம். மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வந்தால், அவர் எந்த அணியில் நின்றாலும் துணிந்து கை தூக்குவோம்!