எட்டா, ஒன்பதா? அட போங்கப்பா!

ஹிஞ்சவடியில் ஆணி புடுங்கற நம்ம மக்கள் ரோடு பைக் வாங்கக் கிளம்பினா ஒரே பட்டிமன்றம்தான். ஷிமானோ கிளாரிஸா, சோராவா? முதல்ல சொன்னதில் பின்னாடி எட்டுப் பல்சக்கரம், ரெண்டாவதில் ஒன்பது. அந்த ஒண்ணுக்குப் பல ஆயிரம் கூடுதல்!

"சிங்ஹகட் ஏறணுமே, கியர் அதிகம் வேணாமா?"ன்னு கேப்பீங்க. ஐயா சாமி, ஏத்தத்துக்கு வேண்டியது கியர் எண்ணிக்கை இல்லை. முன்னாடி சின்னச் சக்கரம், பின்னாடி பெரிய சக்கரம், அவ்வளவுதான். ஆர்2000 கிளாரிஸ், ஆர்3000 சோரா ரெண்டிலும் முன்னாடி 34 பல், பின்னாடியும் 34 பல் வரைக்கும் போட வழி இருக்கு. ஒன்பதாவது சக்கரம் கியருக்குக் கியர் இருக்கிற இடைவெளியைத்தான் குறைக்கும், மலையை இல்லை.

கியர் செட்டைப் பின்னாடி மாத்திக்கலாம். ஃபிரேம் அளவு தப்பினா மாத்த முடியாது. கழுத்து வலி, முதுகு வலி, அப்புறம் பால்கனியில் துணி காயப்போட உசத்தியான கொடி!

சைக்கிள் நகரம்னு பேர் வாங்கின ஊர்ங்க புனே. அந்தக் காலத்து ஜனங்க பெரும்பாலும் கியரே இல்லாமத்தான் வேலைக்கும் காலேஜுக்கும் மிதிச்சாங்க.

அதனால சரியான அளவு, 28 மி.மீ. டயர், நல்ல பிரேக் பாத்து கிளாரிஸே வாங்குங்க. மிச்சப் பணத்தில் ஹெல்மெட், லைட். அதுக்கும் மேல மிஞ்சினா தங்கமணிக்கோ பிள்ளைக்கோ ஒரு சைக்கிள். வீட்டில் ஒருத்தருக்கு ஒன்பது கியர், மத்தவங்களுக்கு வேடிக்கையா? என்னங்க நியாயம்?

டிஸ்கி: புனேலேர்ந்து கோவா வரைக்கும் டெக்கான் கிளிஃப்ஹேங்கர் ரேஸ் ஓட்டற புண்ணியவான்களுக்கு இந்தப் பதிவு இல்லை :-)