பிள்ளை வளர்ப்பையும் எழுதி வைப்போம்



கடை வைத்திருப்பவர் அன்றைய வரவு செலவை எழுதாமல் இரவில் கடையைப் பூட்டுவதில்லை. கொடுக்கல் வாங்கலில் தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதிக்கொள்ளச் சலிப்படையக் கூடாது என்று திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தருகிறது. காசுக்கே இத்தனை கவனம் தேவையென்றால், அல்லாஹ் நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்த பிள்ளைகளுக்கு எவ்வளவு கவனம் தேவை? ஆயினும் அவர்களைப் பற்றி நம் வீடுகளில் எழுத்தில் இருப்பது பெரும்பாலும் தடுப்பூசி அட்டையும் மதிப்பெண் பட்டியலும்தான்.

கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கூறலாம். படம் முகத்தைக் காட்டும். முதல் நோன்பு வைத்த நாளில் அஸருக்குப் பிறகு பிள்ளை என்ன கேட்டான், இருட்டைக் கண்டு எந்த வயதில் அஞ்சினாள், எந்தச் சொல் அவளை நாள் முழுவதும் வாடவைத்தது என்பவற்றைப் படம் சொல்லாது. நினைவும் நம்பத்தக்கதன்று. இரண்டாவது பிள்ளை பிறந்ததும், இதைச் சொன்னது மூத்தவனா இளையவளா என்று உம்மாவும் வாப்பாவும் வாதிடத் தொடங்கிவிடுகிறார்கள்.

எழுதுவதன் முதற்பயன், அது நம்மைக் கவனிக்க வைக்கிறது என்பதே. சார்லஸ் டார்வின் 1839இல் பிறந்த தம் மூத்த மகனைக் குழந்தைப் பருவத்தில் உற்றுநோக்கிக் குறிப்பெழுதினார். சினமும் அச்சமும் குழந்தையிடம் எப்போது தென்பட்டன என்பதையெல்லாம் பதிந்த அக்குறிப்புகளைக் கொண்டு 1877இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய பரிணாமக் கொள்கை பற்றிய நம் நிலைப்பாடு வேறு. ஒரு தந்தையாக அவர் காட்டிய பொறுமை நம் கவனத்திற்குரியது. சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே தம் மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதிய குறிப்புகள், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சி குறித்த அவருடைய ஆய்வுகளுக்கு அடித்தளமாயின. கண்ணும் பேனாவும் பொறுமையும் நம்மிடமும் உள்ளன.

அன்றாட வாழ்விலும் இது உதவும். மாலைதோறும் அடம்பிடிக்கும் பிள்ளையைப் பற்றிப் பத்து நாள் எழுதிப் பார்த்தால், மதிய உணவை மிச்சம் வைத்துவிட்டு நேரே மதரஸாவுக்கு ஓடிய நாட்களில்தான் அந்த அடம் என்று தெரியவரலாம். பிடிவாதமென்று நாம் எண்ணியது பசியாக இருக்கும். காய்ச்சல் எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது, என்ன மருந்து எந்த அளவு கொடுத்தோம் என்ற குறிப்பு மருத்துவருக்கு உதவும். சபுராளிகளின் வீடுகளில் இதன் தேவை இன்னும் மிகுதி. தொலைபேசியில் "நல்லா இருக்கான்" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த தந்தை, விடுப்பில் வரும்போது தம் மகனை அந்த நோட்டின் வழியாக அறிந்துகொள்வார்.

தொடங்குவது எளிது, தொடர்வதே கடினம். குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். ஆகவே தினமும் இரண்டு பக்கம் என்று உறுதி பூண வேண்டாம். வாரத்திற்கு ஒருநாள், வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பின் ஐந்து வரி போதும். மேலே தேதியும் பிள்ளையின் வயதும் இருக்கட்டும். பிள்ளை பேசியதைப் பேசியவாறே, மழலை திருத்தாமல் எழுதுங்கள். "இன்று ரொம்பச் சேட்டை" என்பது தீர்ப்பு. "மஃரிபுக்குப் பின் பாலைத் தள்ளிவிட்டு இருபது நிமிடம் அழுதாள்" என்பது செய்தி. செய்தியை எழுதினால் காரணம் பின்னால் புலப்படும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நோட்டு வையுங்கள். வாப்பாவும் எழுத வேண்டும். இரண்டு மாதம் விட்டுப்போனால் பழையதை ஈடுகட்ட முயலாமல் இன்றிலிருந்து தொடருங்கள்.

எழுத்து நமக்குப் பழக்கமில்லை என்று தயங்கும் சகோதரிகள், நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்களை நினைத்துப் பார்க்கட்டும். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத அவர்கள் 1938இலேயே 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார்கள். அரபுத் தமிழில் எழுதவும் படிக்கவும் அறிந்த மூதாட்டிகளும் நம் ஊர்களில் இருந்தார்கள். ஐந்து வரி எழுதுவது நம்மால் இயலாததன்று.

இவை அனைத்தையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. எழுதுவது நம் கை. ஆனால் எழுதப்படும் வாழ்க்கை பிள்ளையுடையது. படுக்கையை நனைத்தது, தேர்வில் தவறியது, பொய் சொல்லி அகப்பட்டது, பருவமெய்தியது ஆகியவற்றைச் சொந்தபந்தங்களின் வாட்ஸ்அப் குழுவில் வேடிக்கையாகப் பகிர்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்று கற்றிருக்கிறோம். நம் பிள்ளையும் ஒரு முஸ்லிம் அல்லவா? இருபது வயதில், சம்பந்தி வீட்டார் முன்னிலையில் இது படிக்கப்பட்டால் என் பிள்ளை தலைகுனிவானா என்று கேட்டுப் பார்ப்பதே அளவுகோல். பிறருக்குச் சொல்ல விரும்பினால், நாம் கற்ற வழிமுறையைச் சொல்வோம். பிள்ளையின் குறையைச் சொல்ல வேண்டாம். விவரம் தெரிந்த பிள்ளையானால் அனுமதி கேட்டுவிட்டே சொல்வோம். சண்டை வரும்போது எடுத்துப் படித்துக்காட்டும் குற்றப்பத்திரிகையாகவும் அந்த நோட்டு ஆகிவிடக் கூடாது.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளை, அவர்கள் பெயராலேயே அமைந்த 31ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்குப் பாதுகாத்துத் தந்திருக்கிறான். நம் சொற்களுக்கு அந்தச் சிறப்பு இல்லை. எனினும் திருமணமாகியோ வேலைக்காகவோ பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படும் நாளில், நகையோடும் துணிமணியோடும் அந்த நோட்டையும் கொடுத்தனுப்பலாம். தான் எப்படிக் கவனிக்கப்பட்டோம் என்பதை அறிந்த பிள்ளை, தன் பிள்ளையையும் அவ்வாறே கவனிக்கும்.

வரும் வெள்ளிக்கிழமை ஒரு நோட்டு வாங்குவோம். பிஸ்மில்லாஹ் என்று கூறி முதல் ஐந்து வரியை எழுதுவோம். நம் சந்ததிகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.