மராமத்துக் கணக்கில் வராத முயல்

ரமலான் நெருங்கும்போதும் வீட்டில் நிக்காஹ் நிச்சயமாகும்போதும் நம் மதுரை வீடுகளில் மராமத்து தொடங்கிவிடுகிறது. காஜிமார் தெருவின் நெருக்கமான பழைய வீடுகளானாலும் மகபூப்பாளையம், வில்லாபுரம் பகுதி வீடுகளானாலும் வேலை ஒன்றுதான்: தரையைப் பெயர்த்து டைல்ஸ் பதிப்பது, சுவருக்குப் பட்டி பார்ப்பது, கதவு சன்னல்களைச் சுரண்டி எனாமல் அடிப்பது. பீரோவை எங்கே நகர்த்துவது, மெத்தைகளை எந்த உறவினர் வீட்டில் வைப்பது என்றெல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்கிறோம். பிள்ளைகள் வளர்க்கும் முயல் மட்டும் அந்தக் கணக்கில் வருவதில்லை. கொத்தனார் வந்து நிற்கும் காலையில், "கூண்டை மொட்டைமாடியில் வைத்துவிடலாம்" என்று யாரேனும் சொல்வதோடு அது முடிந்துவிடுகிறது. பிறகு முயல் இறந்துபோவதும், பிள்ளைகள் அழுவதும், "ஒரு முயலுக்கா இத்தனை அழுகை? வேறொன்று வாங்கித் தருகிறோம்" என்று பெரியவர்கள் அடக்குவதும் நம்மில் பலர் அறிந்த செய்திதான்.

முயல் குளிர்ச்சியை நாடும் பிராணி. அதற்கு மனிதரைப் போல் வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ள வழியில்லை. காதுகளின் வழியாகவே பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் தமிழகத்தில் முயல் வளர்க்கும் இடம் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர். அத்தகைய பிராணியை நாம் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் சமவெளியில், தகரக் கூரையின் கீழ் வைக்கிறோம். டைல்ஸ் வெட்டும் தூசியும் இயந்திரத்தின் இரைச்சலும் அதற்குப் பெரும் துன்பம். அச்சத்தில் தீனியை நிறுத்தினால் அரை நாளுக்குள் அதன் குடல் இயக்கமே தடைபடக்கூடும்; அப்போது கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதைத் தவிர வேறு வழியில்லை. அதன் பற்கள் ஓயாமல் வளர்வதால் கண்டதையெல்லாம் கடிக்கும். உட்கொண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவுகளிலிருந்து சுரண்டிய தூள் முயலுக்கு மட்டுமல்ல, தவழும் குழந்தைக்கும் நஞ்சாகலாம்.

வேறு சிலர், "நாகமலை அடிவாரத்தில் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்கின்றனர். நம் கரட்டுக் காடுகளில் ஓடும் காட்டு முயல் வேறு இனம். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காப்பது அதைத்தான். கூண்டில் பிறந்த வெள்ளை முயலுக்கு இரை தேடவும் தெரியாது, நாயிடமிருந்து தப்பவும் தெரியாது. அதை அங்கே விடுவது விடுதலையன்று, கைவிடுதல்.

"முயல் ஹலாலான பிராணிதானே, அதற்குத் துக்கம் எதற்கு?" என்று கேட்போருக்கு அபூ தல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் விடையிருக்கிறது. மக்காவுக்கு அருகே மர்ருழ் ழஹ்ரான் என்னுமிடத்தில் அனஸ் (ரலி) ஒரு முயலைத் துரத்திப் பிடித்தார்கள். அவர்களின் தாயாரை மணந்திருந்த அபூ தல்ஹா (ரலி) அதை அறுத்து, தொடைப் பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. அதே இல்லத்துச் சிறுவர்தாம் அபூ உமைர். அவர் விளையாடி வந்த சிறு குருவி இறந்து அவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, குருவி என்னவாயிற்று என்று கனிவோடு விசாரித்தார்கள். "ஒரு குருவிதானே" என்று அவர்கள் கூறவில்லை. உணவுக்கான பிராணியை உண்பதும், அன்போடு வளர்த்த உயிருக்காக வருந்துவதும் ஒரே வீட்டில் முரணின்றி இருந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ், இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பாடங்களை எடுத்துத் தனி நூலே எழுதினார்.

எனவே பிள்ளையின் கண்ணீரை நாம் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. கஃபனும் ஜனாஸாத் தொழுகையும் மனிதருக்குரியவை. பிராணிக்குக் கல்லறை எழுப்புவதும் நம் வழக்கமன்று. ஆனால் இறந்த முயலைக் குப்பைத் தொட்டியில் எறியாமல், பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று மண்ணில் புதைப்பதற்குத் தடையேதுமில்லை. உயிரைக் கொடுத்தவன் அல்லாஹ், அவனே திரும்ப எடுத்துக்கொண்டான் என்பதை ஒரு பிள்ளை முதன்முதலாகக் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் எது? மறுநாளே இன்னொரு முயலை வாங்கிக் கொடுத்தால், உயிரும் கடைச்சரக்குதான் என்ற பாடத்தையே அது கற்றுக்கொள்ளும்.

கப்பாப் (ரலி) அவர்கள் ஒரு சுவரைக் கட்டிக்கொண்டிருந்தபோது, முஸ்லிம் செய்யும் செலவுகளுக்கெல்லாம் நன்மை உண்டு, இந்த மண்ணில் போடுவதைத் தவிர என்ற கருத்தைக் கூறினார்கள். தேவைக்கு மிஞ்சிய கட்டடத்தையே இது குறிக்கும் என்று அறிஞர்கள் விளக்குவர். மறுபுறம், தாகத்தில் தவித்த நாய்க்குத் தம் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்றும், ஈரமுள்ள ஈரல் உடைய ஒவ்வோர் உயிரின் விஷயத்திலும் நன்மை உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம் மராமத்துக் கணக்கு தெளிவாகிவிடும். டைல்ஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடும்போது, வேலை முடியும்வரை முயலை நிழலும் அமைதியும் உள்ள ஓர் உறவினர் வீட்டில் விட்டுவைக்க ஆட்டோ வாடகையும் ஒரு கட்டுப் புல்லும் போதும். அது இயலாத வீட்டில் முயல் வாங்காமலிருப்பதே நலம். கூண்டில் அடைக்கப்பட்ட உயிர் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ள முடியாது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

நம் வீடுகளை அழகாக்குவதற்கு முன், அவற்றில் வாழும் ஒவ்வோர் உயிர் மீதும் இரக்கம் கொள்ளும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.