சென்செக்ஸ் என்ன, கடவுளின் கோபத்தைக் காட்டும் மீட்டரா?

பங்குச்சந்தை ஏறினால் "கர்த்தர் ஆசீர்வதித்தார்" என்று சபையில் எழுந்து நின்று சாட்சி. இறங்கினால் "சோதனைக் காலம், ஜெபித்துக்கொள்ளுங்கள்". இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், "தேசத்தின் பாவத்துக்கு வந்த தண்டனை" என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கிறிஸ்தவம்தானா?

2020 மார்ச் 23-ஐ எடுத்துக்கொள்வோம். கொரோனா பயத்தில் சென்செக்ஸ் அன்று ஒரே நாளில் 3,934 புள்ளிகள், அதாவது 13 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அதே ஆண்டு டிசம்பர் முடிவில் 47,000-ஐத் தாண்டி நின்றது! மார்ச்சில் கோபித்துக்கொண்ட கடவுள் டிசம்பருக்குள் சமாதானமாகிவிட்டாரா? ஒன்பதே மாதத்தில் தேசம் மொத்தமும் மனந்திரும்பிவிட்டதா? நடந்தது வேறு. பயந்த முதலீட்டாளர்கள் விற்றார்கள், விலை விழுந்தது. மத்திய வங்கிகள் வட்டியைக் குறைத்தன, பணம் திரும்பி வந்தது, விலை ஏறியது. அவ்வளவுதான்.

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (லூக்கா 13). சொன்னதோடு நிற்காமல், மனந்திரும்ப வேண்டியது கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் என்று பேச்சை அவர்கள் பக்கமே திருப்பினார். கோபுரத்துக்குப் பொருந்துவது சந்தைக்குப் பொருந்தாதா?

"அப்படியானால் சந்தைக்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்கலாம். நிச்சயம் இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஏறியதா, இறங்கியதா என்பதல்ல. லாபம் எங்கிருந்து வந்தது என்பதுதான்.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, இல்லாத ரூ.5,040 கோடியை ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் கணக்கில் காட்டியதைக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அன்றே அந்தப் பங்கு முக்கால்வாசிக்கும் மேல் மதிப்பை இழந்தது. நீதிமொழிகள் இதைக் கள்ளத்தராசு என்கிறது. இங்கே கடவுள் மேல் எதற்குப் பழி?

அடுத்தது எஃப் அண்ட் ஓ. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபி 2024-ல் சொன்னது. மொத்த நஷ்டம் ரூ.1.8 லட்சம் கோடிக்கும் மேல்! ஒரு கம்பெனி வளர்ந்தால் அதன் பங்குதாரர் எல்லாருக்கும் லாபம் வரலாம். ஆப்ஷனில் அப்படி இல்லை. ஒருவர் ஜெயித்த பணம் இன்னொருவர் தோற்ற பணம். புரோக்கரேஜும் வரியும் போக மிச்சம்தான் கைக்கு வரும். அந்த லாபத்துக்கு ஸ்தோத்திரம் சொல்கிறவர் யாருடைய நஷ்டத்துக்கு நன்றி சொல்கிறார்? பிறனை நேசி என்று படித்தது எங்கே போயிற்று?

உடனே தாலந்து உவமையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஐந்து தாலந்து வாங்கியவன் வியாபாரம் செய்து பத்தாக்கவில்லையா? ஆக்கினான். ஆனால் எஜமான் திரும்பி வந்து கணக்குக் கேட்டது வெகுகாலம் கழித்து. காலையில் வாங்கி மாலையில் விற்றதற்கு அல்ல. தவிர, அது அவனுடைய பணமும் அல்ல, எஜமானுடைய பணம். இந்த இரண்டையும் மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

முதலீடு பாவமில்லை. ஏழெட்டுப் பங்காகப் பிரித்துப் போடு, என்ன ஆபத்து வரும் என்று உனக்குத் தெரியாது என்று பிரசங்கி 11 அன்றே சொல்லிவிட்டது. நாளைக்கு இவ்வளவு லாபம் என்று திட்டம் போடுகிறவர்களை யாக்கோபு கண்டித்தும் இருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் போதும்.

சந்தையில் பணத்தை இழந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். முன்வரிசையில் "ஆசீர்வாத" சாட்சி சொல்லும்போது அவர் காதில் என்ன விழுகிறது? தன்னைக் கடவுள் கைவிட்டுவிட்டார் என்பதுதான். அந்தப் பொய்யை அவர் காதில் போட்டவர்கள்தான் முதலில் மனந்திரும்ப வேண்டும்.